வாரச் சமையல் திட்டமும் மளிகைப் பட்டியலும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டு மளிகை அலமாரியை ஒருநாள் அடியோடு காலி செய்தபோது, பிரித்த உப்புப் பாக்கெட்டுகள் மூன்று அகப்பட்டன. அன்று காலையில்தான் நான்காவது வாங்கி வந்திருந்தேன். அதே வாரம் இரண்டு கட்டுக் கீரை அழுகிக் குப்பைக்குப் போயிருந்தது. இரண்டு இரவுகள் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்திருந்தோம். சாமானுக்கும் பஞ்சமில்லை, செலவுக்கும் பஞ்சமில்லை. சமைக்கத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

அதன்பின் திட்டமிடத் தொடங்கினேன். ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு கட்டங்கள் என்று வண்ணப் பேனாவால் எழுதிய முதல் அட்டவணை புதன்கிழமையோடு செத்தது. இரண்டாவது பத்து நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாவதுதான் நிலைத்தது. முதல் இரண்டிலும் 'என்ன சமைக்கலாம்' என்பதிலிருந்து தொடங்கியிருந்தேன். வீட்டில் என்ன இருக்கிறது, இந்த வாரம் யார் யார் எத்தனை வேளை சாப்பிடுவார்கள், எந்த நாளில் சமைப்பவருக்குத் தெம்பு இருக்காது என்ற மூன்றும் தெரிந்தபிறகுதான் சமையலின் பெயரை யோசிக்கவே வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான். பழக நான்கு வாரம் ஆகும். பழகியபின் வாரத்துக்கு அரை மணி நேர எழுத்து வேலையும் ஒரே ஒரு கடைப் பயணமும் போதும்.

1. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா, பில் போட்டு வைக்க ஓர் உறை. இவ்வளவுதான் தேவை. கைப்பேசிச் செயலி எதுவும் இப்போது வேண்டாம். அதைப் பழகுவதிலேயே ஊக்கம் கரைந்துவிடும்.

வழக்கம்போல வாங்குங்கள், வழக்கம்போலச் சமையுங்கள். ஆனால் மூன்றை மட்டும் அன்றன்றே குறித்து வையுங்கள். ஒன்று, ஒவ்வொரு பில்லும். பில் தராத சின்னக் கடையில் வாங்கினால் தொகையை நீங்களே எழுதுங்கள். இரண்டு, ஒவ்வொரு வேளையும் உண்மையில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள். மூன்று, குப்பைக்குப் போனவை. இந்த மூன்றாவதை எழுதத்தான் கை கூசும். எனக்கும் கூசியது. ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த பக்கம் அதுதான். வாரம் தவறாமல் நாங்கள் எறிந்தவை கொத்தமல்லித் தழை, பாதி ரொட்டி, மிஞ்சிய சோறு ஆகிய மூன்றுமே. வேறு எதையும் திருத்தாமல் இந்த மூன்றின் அளவை மட்டும் குறைத்ததிலேயே வித்தியாசம் தெரிந்தது.

வாரக் கடைசியில் பில்களைச் சமையல் பொருள், நொறுக்குத் தீனியும் பானங்களும், வெளிச் சாப்பாடு என்று மூன்றாகப் பிரித்துக் கூட்டுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்பு போன்றவை பில்லில் கலந்திருந்தால் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாப்பாட்டுச் செலவு வீணாகப் பெரிதாகத் தெரியும்.

2. இருப்பைக் கணக்கெடுங்கள்

முதல் தடவை இதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து எழுதுவது கணக்கெடுப்பு ஆகாது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசைமேல் வையுங்கள். அலமாரி, ஃபிரிட்ஜ், ஃப்ரீசர் என்று மூன்று பட்டியல். ஒவ்வொன்றிலும் பொருளின் பெயர், தோராயமான அளவு, எதற்குள் தீர்க்க வேண்டும் என்று மூன்று பத்திகள் இருந்தால் போதும்.

தேதியைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். உறைமேல் அச்சிடும் தேதிகளில் இரண்டு வகை உண்டு. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது. அது கடந்தால் தயங்காமல் எறியுங்கள். 'இந்தத் தேதிவரை சிறந்தது' என்பது தரத்தைப் பற்றியது. அது கடந்த பிஸ்கட் கொஞ்சம் நமுத்திருக்கலாம், உடனே நஞ்சாகிவிடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல பொருளை எறிவதும் நடக்கிறது, எறிய வேண்டியதைச் சாப்பிடுவதும் நடக்கிறது.

திரும்ப அடுக்கும்போது பழையது முன்னால், புதியது பின்னால். விரைவில் தீர்க்க வேண்டியவற்றை ஃபிரிட்ஜில் கண்ணுக்கு நேரான தட்டில் ஒரே டப்பாவில் போட்டு 'முதலில் இவை' என்று சீட்டு ஒட்டுங்கள். அடுத்த வாரத் திட்டம் இந்த டப்பாவிலிருந்து தொடங்கும்.

3. தட்டுகளை எண்ணுங்கள்

நாட்காட்டியை எடுத்து, ஒவ்வொரு நாளும் எந்த வேளைக்கு எத்தனை பேர் வீட்டில் சாப்பிடுவார்கள் என்று எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஏழு நாளுக்கு 84 தட்டுகள் என்று தோன்றும். அலுவலக உணவு, பள்ளி உணவு, உறவினர் வீட்டு விருந்து எல்லாம் கழித்தால் 60 ஆகலாம். 84 தட்டுக்கு வாங்கி 60 தட்டு சாப்பிட்டால் மிச்சம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடவே ஒவ்வொரு நாளுக்கும் எதிரே சமைக்கக் கிடைக்கும் நேரத்தையும் எழுதுங்கள்: 20 நிமிடம், 45 நிமிடம், தாராளம். இதில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே திட்டம் எழுதுபவரும் வியாழன் இரவு களைத்து வீடு வருபவரும் ஒரே ஆள்போலத் தெரிந்தாலும் வேறு வேறு ஆட்கள். முதலாமவர் எழுதுவதை இரண்டாமவர்தான் சமைக்க வேண்டும்.

4. ஐந்து இரவுகளுக்கு மட்டும் திட்டமிடுங்கள்

காலை உணவை இரண்டு மூன்று வகைகளோடு நிறுத்துங்கள். அதற்கு அட்டவணையே தேவையில்லை. மதிய உணவு பெரும்பாலும் முந்தைய இரவின் நீட்சியாக இருக்கட்டும். தலைவலி இரவுச் சமையல்தான். ஐந்து இரவுகளுக்குத் திட்டமிடுங்கள். ஆறாவது இரவு மிச்சங்களைத் தீர்ப்பதற்கு. ஏழாவதை வெறுமையாக விடுங்கள். திடீரென்று விருந்தாளி வருவதும், கூப்பிட்டு யாரோ சாப்பாடு போடுவதும் நடக்கத்தான் செய்யும்.

அந்த ஐந்தை எங்கிருந்து எடுப்பது? வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்காமல் சாப்பிடும், நீங்கள் பார்க்காமலே சமைக்கத் தெரிந்த பன்னிரண்டு முதல் பதினைந்து உணவுகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டார் எல்லோரையும் கேட்டே எழுதுங்கள். வாரம் ஐந்தில் நான்கு இந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். புதிய சமையல் ஒன்றே ஒன்று, அதுவும் நேரம் தாராளமாக உள்ள நாளில். என் முதல் அட்டவணையில் ஒரே வாரத்தில் ஆறு புதிய சமையல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி மட்டும் தேவைப்பட்ட பொருள்களைப் பாட்டில் பாட்டிலாக வாங்கி அடுக்கியதுதான் மிச்சம்.

நாள்களை நிரப்பும்போது, எது முதலில் கெடுமோ அதை முதலில் சமையுங்கள். கடைக்குப் போன நாளும் மறுநாளும் கீரை, காளான், புதிய மீன். வார நடுவில் பீன்ஸ், கத்தரி, தக்காளி. கடைசி நாள்களுக்குக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூசணி, பருப்பு, முட்டை. வாரக் கடைசிக்குக் கீரையை எழுதுபவர் அதைச் சமைப்பதில்லை என்பது என் அனுபவம்.

ஒரு பொருள் இரண்டு இடத்தில் வருமாறு கோத்துவிடுங்கள். அரை முட்டைக்கோஸ் திங்களுக்கு என்றால் மீதி அரை வெள்ளிக்கு என்று அப்போதே எழுதுங்கள். பயறு வேகவைக்கும் நாளில் இரட்டிப்பாக வேகவைத்துப் பாதியை ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த வாரம் ஓர் இரவு பிழைத்தது.

முந்தைய இரவு செய்ய வேண்டியவற்றைத் திட்டத்திலேயே எழுதாமல் பலர் சறுக்குகிறார்கள். செவ்வாய்க்குக் கொண்டைக்கடலை என்றால் திங்கள் கட்டத்தில் 'ஊறவை' என்று இருக்க வேண்டும். உறைந்த இறைச்சி என்றால் முந்தைய நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். மேடைமேல் வைத்து இளக்குவது கிருமிக்கு விருந்து வைப்பதாகும். சிவப்பு ராஜ்மாவுக்குக் கூடுதல் கவனம் தேவை. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டபிறகே வேகவைக்க வேண்டும். அரைவேக்காடாகச் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் அதை நேரடியாகப் போடாதீர்கள்.

5. அளவு

தொடக்கத்தில் பிடிமானத்துக்கு ஒரு கணக்கு: சமைக்காத அரிசியோ பாஸ்தாவோ பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம். அரிசி வெந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். பருப்பு வகைகள் இரண்டு முதல் மூன்று மடங்காகும். காய்க்கும் பழத்துக்கும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம். உருளைக்கிழங்கு அதில் சேராது. நான்கு பெரியவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 11.2 கிலோ. இரண்டு பை நிறைய வரும். வெளியில் சாப்பிடும் வேளைகளின் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இவை தொடக்கத்துக்கு மட்டுமே. வளரும் பிள்ளை இரண்டு பேர் உள்ள வீடும் முதியவர் இரண்டு பேர் உள்ள வீடும் ஒன்றாகாது. மூன்று வாரம் ஒரே கப்பால் அளந்து, மிஞ்சியதா போதவில்லையா என்று பக்கத்தில் குறித்தால் உங்கள் வீட்டு அளவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

6. பட்டியலை எழுதும் முறை

திட்டத்திலுள்ள ஒவ்வொரு சமையலுக்கும் தேவையானவற்றை எழுதி, இருப்பில் உள்ளதைக் கழித்து, மிஞ்சுவதைக் கடைப் பட்டியலாக்குங்கள். 'கேரட்' என்று எழுதாதீர்கள்; 'கேரட் அரை கிலோ, புதன், சனி' என்று எழுதுங்கள். எதற்கு என்று தெரிந்தால், அது கிடைக்காதபோது கடையிலேயே மாற்று முடிவு செய்யலாம். பட்டியலை எழுதியவர் ஒருவர், வாங்கப் போகிறவர் வேறொருவர் என்றால் இது கட்டாயம். 'காய்கறி கொஞ்சம்' என்று எழுதி அனுப்பிவிட்டு, வந்த பையைப் பார்த்துக் கோபப்படுவதில் நியாயமில்லை.

வரிசையைக் கடையின் வரிசைப்படி வையுங்கள்: உலர் பொருள், காய்கறி, பால் பொருள், உறைந்தவை. அங்குமிங்கும் திரும்பித் திரும்பி நடக்கும்போதுதான் பட்டியலில் இல்லாதவை கூடையில் ஏறுகின்றன.

அரிசி, எண்ணெய், உப்பு, மாவு போன்றவை வாரப் பட்டியலில் வரவே கூடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு மாதப் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லைக் கோடும் வேண்டும். எங்கள் வீட்டில் எண்ணெய் கடைசிப் பாட்டிலைத் திறந்த கணமே அடுத்ததற்கு எழுதிவிட வேண்டும்; தீர்ந்தபிறகு எழுதுபவருக்கு அன்று பாத்திரம் கழுவும் வேலை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் கட்டிய பேனாவும் தொங்கினால் போதும். பேனாவைக் கட்ட மறக்காதீர்கள். கட்டாத பேனா இரண்டு நாள்கூட இருக்காது.

7. செலவுக்கு வரம்பு

'இனி பாதியாகக் குறைப்பேன்' என்று சபதம் போட்டுத் தொடங்குபவர்கள் மூன்றாவது வாரம் கணக்கெழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். நான்கு வார பில்களைக் கூட்டி நான்கால் வகுத்து வரும் சராசரியே உங்கள் முதல் வரம்பு. அதை மீறாமல் இரண்டு மாதம் ஓட்டுங்கள். குறைப்பதெல்லாம் பிறகு. மாதப் பொருள்களுக்கு அந்த வரம்பிலிருந்தே ஒவ்வொரு வாரமும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் எண்ணெயும் அரிசியும் ஒன்றாகத் தீரும் வாரத்தில் திட்டம் குலைந்துபோகும்.

விலையை எப்போதும் 100 கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்று மாற்றிப் பாருங்கள். 400 கிராம் பாக்கெட் 90, 750 கிராம் பாக்கெட் 180 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். சின்னது 100 கிராமுக்கு 22.50, பெரியது 24. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. நீங்கள் அடிக்கடி வாங்கும் இருபது பொருள்களின் கிலோ விலையை நோட்டில் எழுதி வைத்தால், 'சலுகை' என்று எழுதியிருப்பது உண்மையில் சலுகைதானா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பைப் பார்த்தால் ஒரே கேள்வி: கெடுவதற்குள் மூன்றும் தீருமா? சோப்புக்குத் தீரும். தயிருக்குத் தீராது. வண்டிச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு கடை ஏறி இறங்கி மிச்சம் பிடித்த பணத்தைப் போக்குவரத்தில் விட்டவன் நான்.

8. கடைக்குப் போகும் நாள்

நாளையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய சரக்கு வரும் நாள் எது என்று கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்; பசியோடு போனால் வயிறுதான் பட்டியல் எழுதும். முதலில் உலர் பொருள், பிறகு காய்கறி, கடைசியில் பால், இறைச்சி, உறைந்தவை. பச்சை இறைச்சியும் மீனும் தனிப் பையில். அங்கிருந்து நேரே வீடு. குளிரில் இருக்க வேண்டிய பொருளை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

வீட்டுக்கே வரவழைப்பவர்கள் மூன்றைப் பாருங்கள்: கொண்டுவரும் கட்டணம், அந்தக் கட்டணத்தைத் தவிர்க்கத் தேவைப்படும் குறைந்தபட்சத் தொகை, இல்லாத பொருளுக்குப் பதில் வேறொன்றை அனுப்பும் வழக்கம். குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகவே வேண்டாததைச் சேர்ப்பது கட்டணத்தைவிடக் கூடுதலாகவே முடியும். மாற்றுப் பொருள் அனுப்பும் வசதியை முடிந்தவரை நிறுத்தி வையுங்கள். ஒருமுறை கேட்ட பருப்புக்குப் பதில் வேறொரு பருப்பு இரண்டு கிலோ வந்து இறங்கியது. அதைத் தீர்க்க மூன்று மாதம் ஆனது.

9. வந்தவுடன் ஒரு மணி நேரம்

பையை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் காசு அங்கேயே வாடத் தொடங்குகிறது. முதலில் குளிர்ப் பொருள்கள்: ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசர் கழித்தல் 18 டிகிரி. பச்சை இறைச்சி மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில்; மேலே வைத்தால் அதன் நீர் கீழே உள்ளவற்றின்மேல் சொட்டும்.

கீரையைக் கழுவாமல், அழுகிய இலைகளைக் களைந்து, காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஈரம்தான் அதற்கு எமன். உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஃபிரிட்ஜுக்கு வெளியே, காற்றோட்டமான இருட்டில், தனித்தனிக் கூடைகளில்; சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். வாழைப்பழம், ஆப்பிள், பழுத்த தக்காளி மூன்றும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அது பக்கத்திலுள்ள கீரையையும் வெள்ளரியையும் வேகமாக மஞ்சளாக்கும். காரணம் தெரியாமல் ஒரு வருடம் கீரைக்காரரைக் குறை சொல்லியிருக்கிறேன். கூடையில் பக்கத்தில் இருந்தது ஆப்பிள்.

சமைத்த உணவுக்கு: இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில், மூன்று நான்கு நாளுக்குள் வயிற்றில். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். வேகவைத்த பிறகும் உயிரோடு இருக்கும் ஒருவகை பாக்டீரியா, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். ஃப்ரீசருக்குப் போகும் டப்பாவில் பெயரும் தேதியும் கட்டாயம். உறைந்தபின் எல்லாமே ஒரே பழுப்பு நிறக் கட்டிதான்.

10. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

வாங்குவதையும் நறுக்குவதையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில்கூட, 'எண்ணெய் தீரப்போகிறது' என்று நினைவில் வைத்திருக்கும் வேலை ஒருவர் தலையிலேயே கிடக்கிறது. பெரும்பாலும் அது பெண்ணின் தலை. 'என்ன வேண்டும் என்று சொல், வாங்கி வருகிறேன்' என்பது பாதி உதவிதான். என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதே மீதிப் பாதி. ஆகவே வேலையைத் துண்டு துண்டாக அல்லாமல் முழுதாகக் கொடுங்கள். மாதப் பொருள்கள் முழுதும் ஒருவர் பொறுப்பு: பார்ப்பது, எழுதுவது, வாங்குவது, அடுக்குவது. ஃபிரிட்ஜ் இருப்பு இன்னொருவர். பத்து வயதுப் பிள்ளை 'முதலில் இவை' டப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும். முதல் மாதம் தவறும். ஒருநாள் உப்பு இல்லாமல் போகும். பறித்துக்கொள்ளாதீர்கள்.

11. புதன்கிழமை பத்து நிமிடம்

எவ்வளவு நன்றாக எழுதினாலும் வார நடுவில் ஏதாவது பிசகும். புதன் இரவு நோட்டைத் திறந்து, நடக்காத சமையலை நகர்த்துங்கள், வாடுவதை முன்னுக்குக் கொண்டு வாருங்கள், தேவையென்றால் ஐந்து பொருளுக்கு மேற்படாத ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். இப்படி மாற்ற வேண்டிவரும் என்பதால் திட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். வண்ணப் பேனாவில் எழுதினால் அடிக்க மனம் வராது.

அதோடு, அலமாரியில் ஒரு தட்டை நெருக்கடிக்கு ஒதுக்குங்கள். 20 நிமிடத்தில் இரண்டு வேளை சமைத்துவிடக்கூடிய, மாதக் கணக்கில் கெடாத பொருள்கள் அங்கே இருக்கட்டும். அதிலிருந்து எடுத்தால் அன்றே மாதப் பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

நான்கு வாரத் தாள்களையும் எறியாதீர்கள். ஒத்துவராத சமையல்களை அடித்துவிட்டு, ஐந்தாவது வாரத்துக்கு முதல் தாளையே எடுத்து, காய்களை மட்டும் பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்த நான்கு தாள்களும்தான் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது தாளில் எண்ணெய்க் கறை படிந்து வியாழக்கிழமை மட்டும் படிக்க முடியாமல் போய்விட்டதால், அந்த இரவு முட்டை.